முழுசாப் படிச்சுட்டு ஓகே சொல்லுங்க

"என் பேரு எங்கம்மா? என் பேரையே காணோமே!"

அரியமுத்து போட்ட சத்தத்தில், அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த அந்த டி.டி.பி. கடையில் ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் இருந்தது அவருடைய தம்பி மகன் இளவரசனின் கல்யாணப் பத்திரிகை. விக்கிரமங்கலத்தில் அரியமுத்துவைக் கேட்காமல் எந்தக் கல்யாணமும் நடக்காது. கேட்டால் நடக்கவிட மாட்டார் என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மவுஸை உருட்டி அடுத்த பக்கத்தைக் காட்டினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா அங்கே ஒற்றை ஆளாக இருந்தார். துணைக்கு 'பஸ் வசதி உண்டு' என்ற வரி மட்டும்.

"என் போன்ல மொத பக்கம், மொத வரியில இருந்துச்சே?"

"இது வேர்டு ஃபைலுங்க. ஒங்க போன்ல இருக்குற ஃபான்ட் இந்த சிஸ்டத்துல இல்ல. அது வேற எழுத்தைப் போட்டுக்கிச்சு, வரியெல்லாம் நகந்துடுச்சு. பி.டி.எஃப். ஆக்கிட்டா எழுத்தும் ஃபைலுக்குள்ளயே இருக்கும். எந்த போன்ல தொறந்தாலும், எந்த பிரஸ்ல அடிச்சாலும் வெச்சது வெச்ச எடத்துல இருக்கும்."

"யாரும் கை வெக்க முடியாதா?"

"லேசுல முடியாதுங்க."

அரியமுத்துவுக்கு பி.டி.எஃப்.பை ரொம்பப் பிடித்துப்போனது. இருந்த இடத்தைவிட்டு அசையாததும், யார் சொன்னாலும் மாறாததும் அவருடைய சொந்தக் குணங்கள்.

"வேர்டுன்னா யாரு வேணா மாத்திடலாம்ல?" என்று சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "நானே அதைத்தாம்மா செஞ்சேன். திருமானூர்லேருந்து பொண்ணு வூட்டுல மேட்டர் அனுப்பியிருந்தாங்க. வெற்றிச்செல்வின்னு பேரு, பக்கத்துல எம்.சி.ஏ.! எங்க பையன் ஐ.டி.ஐ. ஊரு சிரிக்காது? படிப்பைத் தூக்கிட்டேன். அப்படியே என் பேரையும் கொஞ்சம் பெருசாக்கிட்டேன்."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? அச்சடிச்சு வந்தப்புறம் பாத்துக்கட்டும். பாவம், வெள்ளந்தி மனுசங்க. இந்தக் கடைக்குப் போங்க, பாத்துச் செய்வாங்கன்னு சம்பந்திதான் சொல்லிவிட்டாரு."

"அந்தப் பொண்ணு வருத்தப்படாதுங்களா? கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கும்."

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் பொண்ணு பாக்கப் போனப்ப எனக்குக் கண் ஆபரேசன். இன்னும் மொகத்தையே பாக்கல."

"மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலைங்களா?"

"அவனைக் கேட்டா செய்வாங்க?"

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீபோர்டு மட்டும் கொஞ்சம் பலமாகவே பேசியது.

"பி.டி.எஃப். ரெடிங்க. ஒங்க வாட்ஸப்புக்கு அனுப்பிட்டேன். முழுசாப் படிச்சுட்டு ஓகே சொல்லுங்க. அப்புறம் பிரஸ்ஸுக்குப் போயிடும், மாத்த முடியாது."

அரியமுத்து முழுசாகப் படித்தார். அதாவது, தன் பெயரை. முதல் பக்கம், முதல் வரி, கொட்டை எழுத்து. இரண்டு விரலால் பெரிதாக்கி இன்னொரு தடவையும் படித்தார்.

"ஓகே, ஓகே! அனுப்பிவிடு" என்றவர், நூற்று நாற்பது சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் தன் கையாலேயே பத்திரிகையைப் போட்டார். முதலில் போட்டவர் என்ற பெருமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பாரா?

ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது. தம்பி செல்லமுத்து, மாப்பிள்ளையின் அப்பா.

"அண்ணே, பத்திரிகையைப் பாத்தேன். நம்ம மருமவ பேருக்குப் பக்கத்துல எம்.சி.ஏ.ன்னு பளிச்சுன்னு போட்டீங்க பாருங்க, அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்! குரூப்பே ஒங்களைத்தான் புகழுது."

அரியமுத்துவுக்கு குப்பென்று வேர்த்தது. போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் பாய்ந்தார்.

"ஏம்மா! யாரைக் கேட்டு எம்.சி.ஏ. போட்ட?"

"பொண்ணைக் கேட்டுத்தாங்க."

"பொண்ணையா? அது எப்ப இங்க வந்துச்சு?"

அவள் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"காலைல ஒம்பது மணிக்கே வந்துட்டேன், பெரிய மாமா. உக்காருங்க, டீ சொல்றேன்."