நேரலையில் ஒரு நாக்கு

தண்ணீர்மலைக் கோயில் படிகளில் தைப்பூசக் கூட்டம் நகராமல் நிற்கிறது. நாக்கில் வேல் குத்தியிருக்கும் தம்பியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் கைப்பேசியை நீட்டி நேரலை ஓட்டிக்கொண்டிருக்கிறான் யுகேந்திரன். “இது ஏஐ வீடியோலா” என்று எவனோ எழுதுகிறான். “மரத்துப்போக ஊசி போட்டிருப்பாங்க, அதான் சயின்ஸ்” என்கிறான் இன்னொருவன். “சாமிய கிண்டல் பண்ணாத” என்று மூன்றாமவன் பாய்கிறான். திரையில் சிரிப்புப் பொம்மைகள் குமிழ்குமிழாய் மேலேறுகின்றன. மூவருக்கும் பதில் எழுதிவிட்டு, யுகேந்திரன் இன்னும் நெருங்குகிறான். திருநீறு கரைந்த எச்சில் தம்பியின் மோவாயில் நூலாகத் தொங்குகிறது. நாக்கின் ஓரத்தில் ஓர் ஈ. “போதும்ணே, அவருக்குக் காலு நடுங்குது” என்றபடி தம்பியின் மனைவி நவமணி ஈயை விரட்டக் கையை நீட்டுகிறாள். யுகேந்திரன் அந்தக் கையைத் தட்டிவிடுகிறான்.

“விரட்டாதம்மா. ஈ உக்காந்தாத்தான் ரியல்னு நம்புவானுங்க.”