இறக்கைக்கும் சேர்த்துக் கூலி

பார்சல் ஆபீஸ் கவுண்டரில் சிலைக்காரர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

“அநியாயம்யா இது! சிலைய வாங்கினது ஒரு விலை. அத வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு அதுக்கும் மேல ஒரு விலையா?”

“எடைக்கு இல்ல சார், அளவுக்குத்தான் கூலி,” என்றார் கிளார்க், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. “ஏழடி ஆளு. இறக்கைய வேற ரெண்டு பக்கமும் விரிச்சு வெச்சிருக்கான். வண்டியில கூட வேற எதையும் ஏத்த முடியாது. நாலாவது மாடி, லிஃப்ட்டும் இல்லைங்கிறீங்க.”

“அப்போ நடுவுல இருக்கிற காத்துக்கும் நான் காசு கொடுக்கணும்?”

“இறக்கைய மடக்கச் சொல்லுங்க, குறைச்சுக்கலாம்.”

சிலைக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கூடப் படித்தவர்கள் மனை வாங்கிய வயதில் இவர் வாள் தூக்கிய வீரனையும் வாய் பிளந்த டிராகனையும் வாங்கிக்கொண்டிருந்தார். யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் மூக்கு சிவந்துவிடும். ‘கலெக்‌ஷன்’ என்று திருத்துவார்.

“பணம் இல்லாம கேக்கல தம்பி. பீரோ நிறைய தங்கம் கெடக்கு. நான் ஒண்டிக்கட்டை, எனக்கு எதுக்கு அதெல்லாம்? ஆனா உங்களுக்கு ஒரு குந்துமணி கூடக் கொடுக்க மாட்டேன்!”

வாசலில் சுவரோடு சாய்ந்து நின்ற பூட்டு, பக்கத்தில் நின்ற மச்சானின் விலாவில் இடித்தான்.

பூட்டு என்பது தொழிலில் கிடைத்த பட்டப்பெயர். ஊரில் எந்தப் பூட்டும் அவன் கை பட்டால் வாயைத் திறந்துவிடும். அவன் மனைவி வாயை மூடத்தான் அவனிடம் சாவி இல்லை. தொழில் படுத்துப் போய் வெகு நாளாகியிருந்தது. அன்று காலைதான் அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். “இன்னிக்கும் கைய வீசிட்டு வந்தீங்கன்னா, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க கள்ளச்சாவியாச்சு.”

பூட்டுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அவள் சொன்னால் செய்கிறவள். அவள் தம்பியான மச்சானுக்கும் அதே பயம்தான், அவனும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறான்.

“மாமா, பெரியவரு இப்படி உளறிக் கொட்டுறாரே!” என்று கிசுகிசுத்தான் மச்சான்.

“கொட்டட்டும். நாம அள்ளிக்கலாம்.”

பூட்டு உள்ளே போய், கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றான். “ஐயா, நாங்க புதுசா வண்டி விட்டிருக்கோம். முதல் பத்து பேருக்கு இலவசம். மாடி வரைக்கும் ஏத்திக் கொடுத்துடுவோம்.”

சிலைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்துல இப்படியும் பிள்ளைங்களா!”

வண்டியே இல்லாதவர்கள் அவசரத்துக்கு ஒரு வாடகை வண்டி பிடித்தார்கள். அதற்கு முன்பணம் கட்ட மச்சானின் செல்போன் அடகுக்குப் போனது. மாலையில் மீட்டுவிடலாம் என்று பூட்டு தைரியம் சொன்னான்.

முதல் மாடியில் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் பூட்டுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் இறக்கை படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொள்ள, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் இருவரும் அந்த இறக்கை வீரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னாலிருந்து சிலைக்காரர் பதறினார்.

“மூக்கு, மூக்கு! பாத்துப்பா!”

“என் மூக்கையா சொல்றாரு மாமா?”

“உன் மூக்கு யாருக்குடா வேணும்? தூக்கு!”

வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. கூடம் முழுக்க டிராகனும் அசுரனும் குதிரை மேல் ஏறிய ராணியும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். திட்டப்படி மச்சான் ஆரம்பித்தான்.

“ஐயா, இவரு முகம் ஜன்னல் பக்கமா, சுவர் பக்கமா?”

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. சிலைக்காரர் இடதுபக்கம் திருப்பச் சொன்னார், வலதுபக்கம் திருப்பச் சொன்னார், வெளிச்சம் கன்னத்தில் விழவில்லை என்று மறுபடியும் இடதுபக்கம் திருப்பச் சொன்னார். மச்சான் ஒற்றை ஆளாக வீரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பூட்டு படுக்கையறைக்குள் நழுவினான்.

பீரோ இரும்பு பீரோதான். கம்பியை நுழைத்ததும் சமர்த்தாகத் திறந்துகொண்டது.

மேல்தட்டில் தெர்மாகோல். நடுத்தட்டில் பழைய அட்டைப்பெட்டிகள். உள்ளே இருந்த லாக்கரையும் விடாமல் திறந்து பார்த்தான். அதில் மடித்து வைத்த பிளாஸ்டிக் உறைகள் திணித்துக் கிடந்தன. பூட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடத்துக்கு வந்த மாமாவின் முகத்தைப் பார்த்ததுமே மச்சானுக்குப் புரிந்துவிட்டது.

“மாமா, அந்தக் குதிரையையாவது தூக்கிட்டுப் போயிடலாமா?”

“கீழ இறக்க யாரு, உங்கப்பனா வருவாரு?”

சிலைக்காரர் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். “நல்லா இருங்கப்பா. உங்க கம்பெனி அமோகமா வளரணும்,” என்று வாயார வாழ்த்தினார். இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் என்ன பொய் சொல்வது என்று ஒருவரையொருவர் கேட்டபடியே படியிறங்கினார்கள்.

கதவைச் சாத்திய சிலைக்காரர், போன மாதம் வேறு இரண்டு திருடர்கள் தூக்கி வந்த ராணிக்குப் பக்கத்தில் நின்ற வீரனின் ஜோடிப் பொருத்தத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வருவது யானை என்பதால், எந்தப் பார்சல் ஆபீஸ் வாசலில் போய்த் தங்கத்தைப் பற்றிப் புலம்பினால் ஆறு பேராவது தேறுவார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார்.