அட்டை மாம்பழம்

"நாலும் மூணும் எத்தனை, சொல்லுட்டி?"

"எட்டு சார்!"

ஒன்றாம் வகுப்பே கொல்லென்று சிரித்தது. சாரங்கபாணி சாருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கண்ணால் பார்த்துப் படித்தால் பிள்ளைகளுக்குக் கணக்கு சட்டென்று பிடிபடும் என்று விருதுநகரில் நடந்த பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அட்டையில் மாம்பழம் மாம்பழமாக வெட்டி, மஞ்சள் வர்ணம் பூசி, வில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் கசங்காமல் கொண்டுவந்திருந்தார் மனுஷர்.

கடை விளையாட்டு. பேச்சித்தாய் கடைக்காரி. கருத்தையா வாங்க வந்தவன். அவன் நாலும் மூணும் கேட்டான். அவள் எட்டை எண்ணி அவன் கையில் வைத்துவிட்டு நிற்கிறாள்.

"சரி, கழித்தலாவது வருதா பாப்போம். கடையில பத்துப் பழம் இருக்கு. ஆறு வித்தாச்சு. மிச்சம்?"

"மூணு சார்!"

பக்கத்து வகுப்புப் பத்மாசனி டீச்சர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னும் எதுக்கு சார் இவகூட மல்லுக்கட்டுதிய? பாஸ் லிஸ்ட்டை இன்னைக்குக் குடுத்தாகணும். ஒண்ணாப்புலயே நிப்பாட்டிருங்க."

பேச்சித்தாயின் முகம் வாடிவிட்டது. "ஃபெயிலாயிட்டா பள்ளிக்கூடமே வேண்டாம்னுட்டா சார் எங்க அம்மா. கூட ஏவாரத்துக்கு வான்னுட்டா."

அவருக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியிலிருந்து புளியங்கொட்டையை அள்ளிப் போட்டார்.

"நாலும் மூணும்?"

"ஏழு."

"பத்துல ஆறு போனா?"

"நாலு."

மாற்றி மாற்றிக் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மறுபடி மாம்பழத்தை வைத்தார். எட்டு!

இதென்னடா கூத்து? புளியங்கொட்டையில் ஏழாக இருப்பது மாம்பழத்தில் எப்படி எட்டாகும்? வர்ணத்தில் இரண்டு அட்டை ஒட்டிக்கொண்டதோ என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கூடப் பார்த்துவிட்டார்.

கடைசியில் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "பயப்படாம சொல்லு. கொட்டையில ஏழுன்னு சொல்லுத, பழத்துல மட்டும் ஏன் எட்டுன்னு சொல்லுத?"

"கணக்கு ஏழுதான் சார். ஆனா இது மாம்பழம்லா? கொசுறு ஒண்ணு போடணும்லா?"

"கொசுறா?"

"எங்க அம்மா பஸ் ஸ்டாண்டுல பழம் விக்கா சார். சாயங்காலம் நானும் கூட நிப்பேன். கொசுறு போடாட்டா ஒருத்தரும் வாங்க மாட்டாவ."

சாரங்கபாணி சார் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, வாசல் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளா டீச்சர்? இவளையா நிப்பாட்டச் சொன்னிய? நாள் பூரா வெயில்ல காயுத பொம்பளகிட்டப் போயி கொசுறு கேக்குறாங்க பாருங்க, அவங்களைச் சொல்லணும். ஈவு இரக்கம் இல்லாத சனங்க!"

அந்த இடத்திலேயே லிஸ்ட்டை எடுத்து, பேச்சித்தாய் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதினார். பத்மாசனி டீச்சரும் ஒத்துக்கொண்டு தலையாட்டினார்.

சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தோள்பையை விரித்து நீட்டினார். "இப்ப நான் வாங்க வாரேன். எனக்கும் நாலும் மூணும் போடு பாப்போம்."

பேச்சித்தாய் ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள். ஏழு... எட்டு... ஒன்பது.

"ஏட்டி, கருத்தையாவுக்குக் கொசுறு ஒண்ணுதானே போட்ட? எனக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

"மத்தவியளுக்கு ஒண்ணு போதும் சார். நீங்க வில்லிபுத்தூர் பஸ்ல சன்னலோரமா உக்காந்துக்கிட்டு, ரெண்டாவதும் போட்டாத்தான நீட்டுன கைய உள்ள இழுப்பிய?"