முதலில் கரையேறியவள்

"இந்தப் பேரை எடுத்துட்டு வேற பேரைப் போடுங்க."

சுவரில் சாய்த்து வைத்திருந்த சலவைக்கல்லைக் காட்டி அந்த அம்மாள் இப்படிச் சொன்னதும், நீச்சல் சங்கச் செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் புதிய குளத்தின் திறப்பு விழா. 'ஜலசந்தியை நீந்திக் கடந்த முதல் பெண்' என்று பொன்னெழுத்தில் பொறித்து, கீழே பெயரும் வெட்டியாயிற்று. குளத்துக்கே அந்தப் பெயர்தான்.

அவர் பொறுமையாகச் செல்பேசியில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து நீட்டினார். உலகமே காசில்லாமல் படிக்கும் பக்கம். அடியில் பத்திரிகை ஆதாரம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீராங்கனை வெளிநாட்டில் குடியேறிவிட்டதாக அதில் போட்டிருந்ததால்தான் விழாவுக்கு அழைக்கவில்லை என்றும் சொன்னார்.

அந்த அம்மாள் செல்பேசியைத் தொடக்கூட இல்லை.

"அந்தப் பத்திரிகைக்காரர் எதைப் பார்த்து எழுதினாராம்? இதே பக்கத்தைப் பார்த்துத்தான். இது அவரைக் கை காட்டும், அவர் இதைக் கை காட்டுவார். நீங்க ரெண்டையும் நம்பிக் கல்லுல வெட்டிட்டீங்க."

தப்பிருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாமே என்றார் செயலாளர். அந்த அம்மாளும் திருத்திப் பார்த்தாராம். ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத யாரோ ஒருவர், 'ஆதாரம் இல்லை' என்று அழித்துவிட்டுப் பழையபடியே எழுதிவைத்தாராம்.

"சரி, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

இரண்டு பெண்கள் சேர்ந்துதான் கடலில் இறங்கினார்கள் என்றார் அந்த அம்மாள். பாதி வழியில் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தது. கல்லில் பெயர் இருப்பவளுக்குக் கால் பிடித்துக்கொண்டது. அழுதுகொண்டே, துணைக்கு வந்த படகில் ஏறிவிட்டாள். மற்றவள் விடவில்லை. உதடெல்லாம் உப்பில் வெடித்து, கரையில் நிற்கத் தெம்பில்லாமல் மணலில் தவழ்ந்து போனாள்.

செயலாளருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது போலிருந்தது. எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சலோ, பாவம். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்த இன்னொருத்தர் நீங்கதானேம்மா? உங்க வருத்தம் எனக்குப் புரியுது. வேணும்னா உங்க பேரையும் கீழே சின்னதாப் போட்டுடலாம்."

"அவ போன வருஷமே கண்ணை மூடிட்டா. கேட்க ஆளில்லைன்னுதானே எல்லாருக்கும் இவ்வளவு அலட்சியம்? கல்லை மாத்துங்க. இல்லேன்னா நாளைக்கு மேயர் திரையை விலக்கும்போது மேடையேறி, மைக்கைப் பிடுங்கிச் சொல்வேன். அப்ப யார் மானம் போகுதுன்னு பார்ப்போம்."

செயலாளருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது.

"சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க. ஆனா நீங்க சொன்னா யாரும்மா நம்புவாங்க? முதல்ல நீங்க யாரு?"

அந்த அம்மாள் குனிந்து, கல்லில் பளபளத்த பெயரின் மேல் உள்ளங்கையை அழுத்தி மறைத்தார்.

"படகுல ஏறினவ நான்தான்."