தெற்குப் பார்த்த பீங்கான்

பாத்ரூம் வாசலில் போட்ட நாற்காலியில் இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து அவருக்கு வலக்கையும் பேச்சும் போய் மூன்று மாதமாகிறது. இனிக் குத்தவைக்க முடியாதென்று, பெங்களூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்த மகன் கோமதிநாயகம் வெஸ்டர்ன் டாய்லெட் போடச் சொல்லியிருந்தான்.

பிளம்பர் அந்தோணி பீங்கானை முதலில் கிழக்குப் பார்த்துத்தான் வைத்தார். இடப்பக்கம் சுவர். அதில் கம்பி அடித்தால் இருக்கிற கையால் பிடித்து எழுந்துவிடலாம் என்று இசக்கியப்பனுக்குத் தெம்பு வந்தது.

"கிழக்க பாத்து இருக்கக் கூடாது. தெக்க திருப்பிருங்க," என்றான் மகன்.

திருப்பியதும் அந்தச் சுவர் முதுகுக்குப் போய், பின்சுவர் வலப்பக்கம் வந்தது. இசக்கியப்பன் இடக்கையைத் தூக்கி ஆட்டினார்.

"தம்பி, ஒங்கப்பா என்னமோ சொல்லுதாவ," என்றார் அந்தோணி.

"சந்தோசம்தான். வாய்விட்டு ஒண்ணு கேக்க மாட்டாரு."

டிரில் கான்கிரீட்டுக்குள் இறங்கி வீட்டையே அதிரவைத்தது. அவர் விழுந்துபோன வலக்கையை இடக்கையால் அடித்து அடித்துக் காட்டினார். மருமகள் ஓடிவந்து, வலிக்கிறது போல என்று அந்தக் கைக்குத் தைலம் தேய்த்தாள்.

போல்ட்டை முறுக்கி, அடியைச் சுற்றி வெள்ளைச் சிமெண்ட் பூசி, கம்பியும் அடித்துவிட்டு அந்தோணி எழுந்தார். "நாளை வரைக்கும் உக்கார வேண்டாம். இனி எடுக்கணும்னா ஒடச்சித்தான் எடுக்கணும்."

மகன் அப்பாவைத் தாங்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினான். தைலம் மினுங்கிய கையைக் கம்பிமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்கப்பா," என்று சொல்லிவிட்டு, போட்டோ எடுக்க இரண்டடி பின்னால் போனான்.