முதலாளி ஓட்டிய ஈ

"அந்த ஈயை விட்டது யாரு?"

முதலாளி ரிஃபாத் தன் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று கையில்.

அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. அலெக்சாந்திரியாவில் கோடைக்கு ஈ புதுசா என்ன?

"நிஜ ஈ இல்லய்யா! கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ஈ! ஓங்கி அடிச்சேன், மானிட்டர் விரிசல் விட்டுடுச்சு. அது இன்னும் காலைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு!"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

உஸாமா சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். இணையப் பக்கத்தைத் தங்கள் மென்பொருளுக்குள்ளேயே திறந்து, அதன்மேல் தனியாகப் படம் வரைந்து காட்டுவதுதான் அவர்கள் தொழில். ஆனால் முதலாளியே செருப்பைக் கழற்றும் அளவுக்கு ஓர் ஈயை வரைய, அங்கே ஒருத்தியால்தான் முடியும். பக்கத்து நாற்காலி லமீஸ். போன மாதம்தான் அவள் வேலை நிரந்தரமானது.

"வாயைத் திறக்காதே" என்று கிசுகிசுத்தான்.

அவள் எழுந்தே விட்டாள். "நான்தான், உஸ்தாத்."

"என்ன கொழுப்பு உனக்கு! நாலஞ்சு நாளா என் உயிரை வாங்குது. எதைத் தொடப் போனாலும் சரியா அங்கேயே வந்து உட்காருது!" ரிஃபாத் செருப்பாலேயே எல்லோரையும் சுட்டினார். "வேற யார் கம்ப்யூட்டர்லயாவது ஈ வந்துச்சா?"

எல்லோரும் தலையாட்டி மறுத்தார்கள்.

"உஸாமா, நீ பார்த்தியா?"

"வல்லாஹி, சத்தியமா பார்க்கலை உஸ்தாத்."

உண்மையைத்தான் சொன்னான். சொன்ன பிறகுதான், அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கேட்டியா? எனக்கு மட்டும்தான்! முதலாளியைக் கேலி பண்ணவா உனக்குச் சம்பளம்? மேசையைக் காலி பண்ணிட்டுக் கிளம்பு!"

லமீஸ் அசையவில்லை.

"எல்லார் கம்ப்யூட்டர்லயும் இதே ஈயைத்தான் வெச்சிருக்கேன், உஸ்தாத். நீங்க சொல்லித்தான் வெச்சேன்."

"நானா? நான் எப்போ ஈ கேட்டேன்?"

"'ஆபீஸ் நேரத்துல ஒருத்தனும் விளையாடக் கூடாது, ஏதாவது வழி பண்ணு'ன்னு சொன்னீங்களே... சீட்டாட்டப் பக்கத்தைத் திறந்தா மட்டும்தான் அது வரும்."