உடனே கிளம்பி வா

“இந்த வயசுலயும் ஏரியைப் பார்க்க ஆசையா, தாத்தா?”

கேட்டுவிட்டு நகரத்துப் பெண்ணொருத்தி சிரித்தபடி இறங்கிப் போனாள். மலை உச்சியில் நின்று ஏரியைப் படம் எடுக்கத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

கிழவர் சகின்பாய் மேலே ஏறினார். காரணமில்லாமல் சிரிக்கிறவர்களை அவர் நம்புவதில்லை. ஒரு கையில் தடி, மறு கையில் மனைவி ஊல்கானின் முழங்கை.

ஊல்கான் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இந்தக் கோடையைத் தாண்டமாட்டாள் என்று டவுன் டாக்டர் சொன்னபோது, அவனுக்கு என்ன தெரியும் என்று கிழவர் திட்டினார். அவள் மூச்சு இழுப்பதை இரவெல்லாம் கேட்ட பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டார்.

“வீட்டுல கிடன்னா கேட்டியா, கிழவி? போன்ல பேச நான் ஒருத்தன் போதாதா?” காய்ந்த தயிர்க்கட்டியை அவள் வாயில் வைத்தார்.

“போதாது. அவன் வரலைன்னாலும், வர்றான்னு வந்து புளுகுவீங்க. என் காதால கேக்கணும்.”

மகன் துர்சுன் மாஸ்கோவில். வருஷா வருஷம் அடுத்த வருஷம் வருகிறவன். ஊரில் சிக்னல் கிடையாது, உச்சியில்தான்.

“என்னன்னு சொல்லப் போறீங்க?”

“உள்ளதைச் சொல்லுவேன். உடம்பு சரியில்ல, வாடான்னு. நம்ம ஆளுங்க மாதிரி மூடி மறைக்க எனக்கு வராது. என் அண்ணன் செத்தப்ப என்ன சொல்லி அனுப்பினானுங்க? ‘லேசா காய்ச்சல், வந்து பார்த்துட்டுப் போ.’ நான் ஆப்பிளும் கையுமா போய் நிக்கிறேன், முற்றத்துல கம்பளிக் கூடாரம் எழுப்பி ஒப்பாரி வைக்கிறாளுங்க!”

“அந்த ஆப்பிளை இன்னும் விடலையா நீங்க?” அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை.

உச்சிக்கு அவளைக் கிட்டத்தட்டத் தூக்கித்தான் கொண்டுபோனார். கீழே ஏரி பளபளத்தது. இருவரும் பார்க்கவில்லை. போனை அவள் காதுக்கும் கேட்கும்படி வைத்தார்.

“துர்சுன், அப்பா பேசுறேன்டா. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. உடனே கிளம்பி வா.”

துர்சுன் மெல்ல, “அம்மாகிட்ட குடுங்க” என்றான்.

ஊல்கான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வரவில்லை என்று கையை ஆட்டினாள்.

“அவளால பேச முடியாதுடா.”

போனுக்குள் ஒரு கேவல். அப்புறம் பெரிய அழுகை.

“புரிஞ்சுதுப்பா... என்னால நாளைக்குள்ள வந்து சேர முடியாது. எனக்காகக் காத்திருக்காதீங்க, மண்ணைப் போட்டுடுங்க. நாற்பதாம் நாள் காரியத்துக்குக் கண்டிப்பா வந்துடுறேன். இப்பவே டிக்கெட் போட்டுடுறேன்பா.”

“அட மடையா, உங்கம்மா இங்க...”

சில்லிட்ட கையொன்று கிழவரின் வாயைப் பொத்தியது. இன்னொரு கை போனை அணைத்தது.

“சொல்லிடாதீங்க” என்றாள் ஊல்கான். “நாற்பது நாள் நான் தாங்கிக்குவேன்.”